அத்தையின் கணக்கு நோட்டு

என் கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்க மதுரைக்குப் போயிருந்தோம். விளக்குத்தூண் பக்கம் ஒரு கடை. கடைக்காரர் சேலைகளை விரித்துப் போட்டுக்கொண்டே இருந்தார். அம்மா, பெரியம்மா, சித்தி எல்லோரும் ஆளுக்கொன்றைத் தோளில் போட்டுக் கண்ணாடியில் பார்த்தாகிவிட்டது. அத்தை மட்டும் சுவரோரமாக ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். மாமா இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. வெள்ளைச் சேலைப் பேச்சே வீட்டில் கூடாது என்று அப்பா முன்னமே சொல்லியிருந்தார்.

“ஏத்தா, ஒனக்குப் புடிச்ச கலரை எடு” என்றார் அப்பா.

அத்தை சேலையைப் பார்க்கவில்லை, அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். “நீயே சொல்லுண்ணே.”

“கட்டப்போறது நீதான?” அப்பா சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அத்தைக்கு நெற்றியில் வியர்த்துவிட்டது. ஒரு பச்சையைத் தொட்டாள், சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். அப்புறம் ஒரு நீலம். அதையும் விட்டாள். கடைசியில் அழுதுவிட்டாள். கடைக்காரர் பதறிப்போய்க் குடிக்கக் கலர் வாங்கிவரப் பையனை ஓட்டினார். “புருசனை நெனச்சிட்டா, பாவம்” என்றாள் பெரியம்மா. மாமாவை நினைத்துத்தான் அழுதாள். ஆனால் பெரியம்மா நினைத்த மாதிரி இல்லை.

மாமா வாத்தியார். குடிக்க மாட்டார், பீடி கூடக் கிடையாது. அவர் தெருவில் வந்தால் திண்ணையில் இருப்பவர்கள் எழுந்து நிற்பார்கள். கோயில் கொடை வரவு செலவு அவர் கையில்தான். லீவுக்கு நாங்கள் போனால் பேனா வாங்கித் தருவார், வாய்ப்பாடு கேட்பார். இந்த மனிதர் கைநீட்டுவார் என்று யாராவது சொல்லியிருந்தால் ஊர் சிரித்திருக்கும். 1994இல் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். அப்பா போய் அத்தையையும் அவள் மகனையும் எங்கள் வீட்டுக்கே கூட்டிவந்துவிட்டார். அதற்குப் பிறகுதான் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. அத்தை உட்கார வைத்துக் கதை சொல்லவில்லை. பயறு புடைக்கும்போது, வத்தல் காயப்போடும்போது, தனக்குத்தானே பேசுவது மாதிரி ஒரு வரி வரும். அவ்வளவுதான்.

அவளிடம் ஒரு நாற்பது பக்க நோட்டு இருந்தது. கருவேப்பிலை, தீப்பெட்டி, பால், பஸ் சார்ஜ் என்று அன்றன்றைக்கு ஆன செலவு அதில் இருக்கும். மாமா இருந்தவரை தினமும் சாயங்காலம் அவர் நாற்காலியில் உட்கார்ந்து அதைக் கூட்டிப் பார்ப்பார். கால் ரூபாய் இடித்தால் அடி கிடையாது. நிற்க வைப்பார். பள்ளிக்கூடத்தில் பிள்ளையைச் சுவரைப் பார்க்க நிறுத்துவது மாதிரி, கல்யாணமான பெண்ணை, பெற்ற பிள்ளைக்கு முன்னால், அவர் சாப்பிட்டுப் படுக்கும் வரை. “அடிச்சாக்கூடத் தேவலைன்னு இருக்கும்” என்று ஒருநாள் சொன்னாள். எங்கள் வீட்டுக்கு வந்த புதிதில் அந்த நோட்டை எடுத்துவந்து அப்பாவிடம் நீட்டுவாள். “எதுக்குத்தா இது?” என்று அப்பா திருப்பிக் கொடுத்துவிடுவார். கொஞ்ச நாளில் நீட்டுவது நின்றது. எழுதுவது நிற்கவில்லை. அவளிடம் யாரும் கணக்குக் கேட்காத வீட்டில் கடைசிவரை எழுதினாள்.

இதில் வேடிக்கை, அத்தைக்கு மனக்கணக்கு அபாரம். பலசரக்குக் கடைக்காரர் பென்சிலைத் தேடுவதற்குள் மொத்தத்தைச் சொல்லிவிடுவாள். ஆனால் சொல்வதற்கு முன்னால், “எனக்கு என்ன தெரியும், தப்பாக்கூட இருக்கும்” என்ற வரி வராமல் இருக்காது. இருபது வருஷம் ஒரு ஆள் “ஒனக்கு ஒண்ணும் தெரியாது” என்று சொல்லிக்கொண்டே இருந்ததன் மிச்சம் அது. ஆள் போய்விட்டார். சொன்னதை இவள் வாய் சொல்லிக்கொண்டிருந்தது.

அவளுக்கு இடது காது கேட்காது. சின்ன வயதில் நாங்கள் அந்தப் பக்கத்தில் நின்று கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். ராங்கிக்காரி என்று எங்களுக்குள் பேர் வைத்திருந்தோம். நான் நர்ஸ் வேலைக்கு வந்த பிறகு எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்த காது மூக்குத் தொண்டை டாக்டரிடம் காட்டினேன். உள்ளே பார்த்துவிட்டு, “செவிப்பறை கிழிஞ்சு ரொம்ப நாளாச்சும்மா, அடி ஏதும் பட்டுச்சா?” என்று கேட்டார். கன்னத்தோடு சேர்த்துக் காதில் ஓங்கி அறைந்தால் காற்று உள்ளே அழுந்திச் செவிப்பறை கிழியும். ஒருமுறை என்றால் பெரும்பாலும் தானே மூடிக்கொள்ளும். திரும்பத் திரும்ப விழுந்தால், சீழும் பிடித்தால், காது போனதுதான். அத்தை நிதானமாகப் பதில் சொன்னாள்: “சின்னப்பிள்ளைல கம்மாய்ல குதிச்சேன் சார்.” செத்துப்போன ஆளுக்காகவும் பொய் சொன்னாள். அத்தைக்கு நீச்சல் தெரியாது.

அந்தப் பதிலை அதற்குப் பிறகு எத்தனையோ பேர் வாயில் கேட்டிருக்கிறேன். தாலுகா ஆஸ்பத்திரியில் கேஷுவாலிட்டி டூட்டி பார்த்த எந்த நர்ஸைக் கேட்டாலும் சொல்லுவாள். வாசலில் வழுக்கிவிட்டது, கதவு இடித்துவிட்டது, மாடு முட்டிவிட்டது, குளியலறையில் விழுந்துவிட்டேன். ஏ.ஆர். புத்தகத்தில், அதாவது விபத்துப் பதிவேட்டில், அதையே எழுதிக் கையெழுத்து வாங்குவோம். புத்தகம் அப்படிச் சொன்னாலும் உடம்பு வேறு சொல்லும். தடுக்கி விழுந்தவளுக்கு உள்ளங்கை, முழங்கால், முழங்கை சிராய்த்திருக்கும். அடிவாங்கியவளுக்கு முகம், காதுக்குப் பின்புறம், முதுகு, மேல்கையின் உட்பக்கம். தலையில் விழும் அடியைத் தடுக்கக் கையைத் தூக்குவார்கள், அதனால் சுண்டுவிரல் பக்கத்து முன்கை எலும்பு ஒடிந்திருக்கும். ஒரு கன்றல் கறுப்பாக, ஒன்று பச்சையாக, ஒன்று மஞ்சளாக இருந்தால் அதெல்லாம் பெரும்பாலும் ஒரே நாளில் வந்ததில்லை. மாடு ஒருத்தியை வாரக்கணக்காக முட்டிக்கொண்டிருக்காது.

புருஷன்மார் கூடவே வருவார்கள். நாம் கேட்பது அவளிடம், பதில் வருவது அவர்களிடமிருந்து. அதற்கு எங்களுக்கு ஒரு வழி இருந்தது. “இடுப்புல ஊசி போடணும், நீங்க கொஞ்சம் வெளிய நில்லுங்க.” ஸ்கிரீனை இழுத்துவிட்ட பிறகு கிடைக்கும் அந்த இரண்டு நிமிஷத்தில்தான் உண்மையான வாக்குமூலம் வரும்.

அப்படி வந்த ஒருத்தியை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தவள், இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். தொண்டை வலி என்று ஓ.பி. சீட்டு எடுத்திருந்தாள். குரல் கரகரத்தது, எச்சில் விழுங்க முடியவில்லை. கழுத்தில் பெரிதாக ஒரு தடமும் இல்லை. டாக்டரம்மா கண்ணிமையை இழுத்துப் பார்த்தார். உள்ளே குண்டூசி முனை அளவில் சிவப்புப் புள்ளிகள். என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் ஊசி டிரேயை எடுத்தேன், புருஷன் வெளியே போனான்.

“துண்டை வச்சு இறுக்குனாரு நர்சம்மா” என்றாள். “கண்ணு இருட்டிருச்சு. முழிச்சுப் பாத்தா பாவாடை நனைஞ்சு கெடக்கு.” கொஞ்சம் பேசாமல் இருந்துவிட்டு என் கையைப் பிடித்தாள். “அதை மட்டும் எழுதிராதீங்க.”

கழுத்தை நெரித்ததைக்கூட எழுதிக்கொள்ளலாம், சிறுநீர் போனதை எழுதக் கூடாது. அவளுக்கு அதுதான் பெரிய அவமானம். அவள் எவ்வளவு தூரம் சாவுக்குப் பக்கத்தில் போய்த் திரும்பியிருக்கிறாள் என்பதற்கு எங்களுக்கு அதுதான் அத்தாட்சி. நினைவு தப்பி, சிறுநீர் போகும் அளவுக்கு மூளைக்கு ரத்தம் தடைப்பட்டிருக்கிறது. கழுத்து நெரிக்கப்பட்டவர்களில் பலருக்கு வெளியே தடமே தெரியாது. கழுத்து ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்திருந்தால் சில நாள் கழித்துக்கூடப் பக்கவாதம் வரலாம். ஒருமுறை கழுத்தில் கை வைத்த புருஷன் பின்னால் கொலையும் செய்யும் அபாயம் பல மடங்கு கூடுதல் என்று இதை ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். அவளை வார்டில் சேர்த்தோம், ஏ.ஆர். போட்டோம், அவுட்போஸ்ட் போலீஸுக்குச் சொன்னோம். சாயங்காலம் மாமியாரும் இவளுடைய சொந்த அண்ணனும் வந்தார்கள். வராந்தாவில் பேசினார்கள். இருட்டுவதற்குள், என் இஷ்டத்தில் போகிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டாள். அதற்குப் பிறகு எங்கள் ஆஸ்பத்திரிக்கு அவள் வரவில்லை.

கேஷுவாலிட்டிக்கு வருகிறவர்களாவது கண்ணில் படுகிறார்கள். ஓ.பி. வரிசையில் நிற்பவர்கள்தான் அதிகம். தலைவலி, நெஞ்சு படபடப்பு, மேல்மூச்சு, கைகால் எரிச்சல், தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை. ஈ.சி.ஜி. எடுத்தால் ஒன்றும் இருக்காது. சத்து மாத்திரை, வலி மாத்திரை, ஒரு வாரம் கழித்து வா. அவர்கள் வருவார்கள், அதே வலியோடு. சும்மா வருகிறாள் என்று எங்களில் சிலர் அலுத்துக்கொள்வதுண்டு. வீட்டில் சொல்ல முடியாததை வயிறும் தலையும் சொல்லிக்கொண்டிருக்கின்றன என்பது ஒரு பயிற்சி வகுப்பில்தான் எங்களுக்கு விளங்கியது. மனநல டாக்டர் ஒருவர் வகுப்பெடுத்தார். ஆபத்து வந்தால் உடம்பில் ஒரு மணி அடிக்கும். இதயம் வேகமாக ஓடும், தசை இறுகும், கண்ணும் காதும் கூர்மையாகும். ஆபத்து போனதும் அது அடங்க வேண்டும். ஆபத்து வீட்டுக்குள்ளேயே குடியிருந்தால் அடங்குவதற்கு வழியில்லை. வருஷக்கணக்கில் அடித்துப் பழகிய மணி, ஆபத்து போன பிறகும் சின்னச் சத்தத்துக்கெல்லாம் அடிக்கும். தூக்கம் போகும், மறதி வரும், யாரையும் நம்ப வராது. போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களை வைத்துத்தான் உலகம் இதை அதிகம் பேசியது. 1980இல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்ப் பட்டியலில் இதற்கு இடம் கிடைத்ததும் வியட்நாம் போருக்குப் பின்னால்தான். சமையல்கட்டுக்குள் அதே நோய் இருப்பது பிறகுதான் பேச்சில் வந்தது.

வகுப்பு முழுக்க எனக்கு அத்தை ஞாபகம்தான். வாசலில் சைக்கிள் ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்டால் எங்கே இருந்தாலும் எழுந்துவிடுவாள். சோறு பாதியில் இருக்கும், எழுந்து நிற்பாள். வந்தது அப்பா என்று தெரிந்த பிறகும் உட்காரக் கொஞ்ச நேரம் ஆகும். ஃபேன் போடலாமா என்று அம்மாவிடம் கேட்பாள். ராத்திரி இரண்டு மணிக்கு அடுப்படியில் பாத்திரங்களை எண்ணிக்கொண்டிருப்பாள். அவள் விலா எலும்பு ஒன்று எப்போதோ ஒடிந்து, வைத்தியம் பார்க்காமலேயே கூடிவிட்டிருந்தது. சைக்கிள் சத்தம் கூடவில்லை.

அத்தை மகன், என் மச்சான், அவனுக்கு யாரும் ஒரு அடி கொடுத்ததில்லை. பிள்ளைமேல் மாமாவுக்கு உயிர். ஆனால் டிவி சீரியலில் யாராவது குரல் உயர்த்தினால் மச்சான் எழுந்து வாசலுக்குப் போய்விடுவான், இன்றைக்கும். நாலு வாயில் சாப்பிட்டு முடிப்பான். நாங்கள் பெண் பார்த்தபோதெல்லாம் ஏதாவது காரணம் சொல்லித் தட்டிக்கழித்தான். ஒருநாள் என்னிடம் மட்டும் சொன்னான்: “எனக்கும் கோவம் வருது. நானும் அவரை மாதிரி ஆயிட்டா?” அப்பா அடிப்பதைப் பார்த்து வளர்ந்த பையன்களுக்கு அந்த அபாயம் மற்றவர்களைவிடக் கூடுதல் என்பது உண்மை. எல்லோரும் அப்படி ஆவதில்லை என்பதும் அதே அளவு உண்மை. பயப்படுகிறவன் ஆகமாட்டான் என்று அவனிடம் சொன்னேன். முப்பத்தைந்து தாண்டித்தான் கட்டிக்கொண்டான். அவன் வீட்டில் கணக்கு நோட்டு கிடையாது, சம்பளம் வந்ததும் மனைவி கையில் கொடுத்துவிடுகிறான்.

குடியைப் பற்றி ஒரு வார்த்தை. “குடிச்சாத்தான் இப்படி, இல்லேன்னா தங்கம்” என்று வார்டில் சொல்லாதவர்கள் குறைவு. குடி அடியைக் கூட்டும், மறுக்கவில்லை. ஆனால் எவ்வளவு போதையில் இருந்தாலும் அவன் முதலாளியை அடிப்பதில்லை, போலீஸை அடிப்பதில்லை, வீட்டு வாசலைத் தாண்டி வந்துதான் கை ஓங்குகிறான். என் மாமா ஒரு சொட்டுக் குடித்ததில்லை. கடையை மூடினால் எல்லாம் சரியாகிவிடும் என்று மேடையில் பேசுகிறவர்களைக் கேட்டால் எனக்கு அவர் ஞாபகம்தான் வரும்.

சட்டம் வராமல் இல்லை. மனைவியைக் கொடுமை செய்வது குற்றம் என்று 498ஏ பிரிவு 1983இல் வந்தது, இப்போது அது பாரதிய நியாய சன்ஹிதாவில் 85ஆம் பிரிவு. தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையத்தை 1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் திறந்தார்கள். 2005இல் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், நடைமுறைக்கு வந்தது 2006 அக்டோபர் 26. இந்தக் கடைசிச் சட்டத்தைப் பற்றி எங்களுக்கு வகுப்பு நடந்த அன்று வீட்டுக்கு வந்து அத்தையிடம் சொன்னேன். அடிதான் என்றில்லை, கேவலமாகப் பேசுவது, செலவுக்குப் பணம் தராமல் கட்டிப்போடுவது, விருப்பமில்லாமல் தொடுவது எல்லாமே வன்முறைதான் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. வீடு யார் பேரில் இருந்தாலும் அவளை இஷ்டத்துக்கு வெளியே தள்ள முடியாது. அத்தை வலது காதைத் திருப்பிக் கவனமாகக் கேட்டாள்.

“ஆறு மாசம் ஒரு வார்த்தை பேசாம இருந்தா? அதுவும் அதுல வருமா?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரே வீட்டில், சோறு போடும்போதுகூட, கையைக் காட்டித்தான் சொல்வாராம். பிள்ளை மூலமாகத்தான் பேச்சு. என்ன தப்புச் செய்தோம் என்றும் சொல்ல மாட்டாராம். ஒருநாள் திடீரென்று, “தண்ணி கொண்டா” என்பாராம். “அந்த ஒத்த வார்த்தைக்கு சந்தோசத்துல கை நடுங்கும்” என்றாள் அத்தை. அறைந்த கையைவிட இதைத்தான் அவள் அதிகமாக நினைவு வைத்திருந்தாள். நான் பார்த்தவரை பெரும்பாலான பெண்கள் அப்படித்தான். காயம் எங்கே என்று நாம் கேட்கிறோம். தான் ஒரு ஆளே இல்லை என்று ஆனது எப்போது என்பதுதான் அவர்கள் மனசில் ஓடுகிறது. “வரும்த்த” என்றேன். “அப்ப சரி” என்றாள். அவளுக்கு அதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை. இருந்தாலும் அன்றைக்கு ராத்திரி இரண்டு தரம் அம்மாவிடம் சொன்னாளாம், பேசாம இருக்கிறதும் சட்டத்துல இருக்காம் மதினி என்று.

“அவ ஏன் அங்க இருந்தா? வந்திருக்க வேண்டியதுதானே?” இந்தக் கேள்வியைப் போல எனக்கு எரிச்சல் தருவது வேறில்லை. அத்தை வந்தாள். இரண்டு தடவை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பிறந்த வீட்டுக்கு வந்தாள். இரண்டு தடவையும் தாத்தா ஒரு வாரம் வைத்திருந்து, சாத்தூர் சேவும் பூவும் வாங்கிக் கொடுத்து, தானே பஸ் ஏற்றிக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். மாமா அவருக்குத் தலைவாழை இலையில் சாப்பாடு போட்டார். அன்றைக்கு ராத்திரி அத்தைக்கு என்ன கிடைத்தது என்பதைத் தாத்தா கேட்டுக்கொள்ளவில்லை. பிரிந்து போக முயலும் நேரமும் போனதற்குப் பிந்திய மாதங்களும்தான் ஒருத்தியின் உயிருக்கே ஆபத்தான காலம் என்பது இன்று உலகம் முழுக்கத் தெரிந்த விஷயம். கையில் காசு கிடையாது, போகிற இடத்தில் அனுசரித்துப் போ என்பார்கள், பின்னாலேயே அவன் வருவான். மூன்றாம் தடவை கிளம்பாதது பயந்தாங்கொள்ளித்தனம் இல்லை, அவளுக்குத் தெரிந்த கணக்கு. நான்தான் சொன்னேனே, அத்தைக்கு மனக்கணக்கு அபாரம் என்று.

அத்தை 2011இல் காலமானாள். 2019–21இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு, தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயதுக்குள் கல்யாணமான பெண்களில் நூற்றுக்கு 38 பேர் கணவனிடம் வன்முறையை அனுபவித்ததாகச் சொல்கிறது. அதுவும் கேட்டபோது ஆம் என்று சொன்னவர்கள் மட்டும். கம்மாயில் குதித்தவர்கள் கணக்கில் வரவில்லை.

படிக்கிறவர்கள் வீட்டுப் பக்கத்திலும் ஒருத்தி இருப்பாள். அவளிடம் தனியாகப் பேசுங்கள், அவன் இருக்கும்போது கேட்காதீர்கள். ஏன் போகவில்லை என்று கேட்காதீர்கள், என்ன வேண்டும் என்று கேளுங்கள். கழுத்தில் கை வைத்தான் என்று சொன்னால், தடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் இதற்கென்றே பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், வக்கீல் இலவசம். பெண்கள் உதவி எண் 181, இருபத்து நாலு மணி நேரமும் எடுப்பார்கள். அதை அவள் போனில் அந்தப் பெயரிலேயே பதிந்து கொடுத்துவிடாதீர்கள். பல வீடுகளில் பெண்டாட்டி போனைப் புருஷன் எடுத்துப் பார்ப்பான். எங்கள் வார்டில் ‘கேஸ் புக்கிங்’ என்று பதிந்து கொடுப்போம்.